குறுந்தகட்டுப் படிமக் கோப்பு வடிவ மாற்றம்: சிவகாசி அச்சுத் தொழிலை முன்வைத்து

ஒரு குறுந்தகட்டிலோ டிவிடியிலோ உள்ள தரவு முழுவதையும், அது தகட்டில் அமைந்துள்ள அதே வரிசையில், ஒரே கோப்பாகக் கணினியில் எடுத்து வைத்தால் அதற்குப் படிமக் கோப்பு என்று பெயர். ஐஎஸ்ஓ, பின்–கியூ, என்ஆர்ஜி, எம்டிஎஃப்–எம்டிஎஸ், சிசிடி, டிஎம்ஜி எனப் படிமக் கோப்புகளில் பல வடிவங்கள் உள்ளன. ஒரு வடிவத்தை மற்றொன்றாக மாற்றப் பல மென்பொருள்களும் கிடைக்கின்றன. எல்லா மென்பொருளும் எல்லாவற்றையும் காப்பாற்றித் தருவதில்லை. பொருந்தாத மென்பொருளைப் பயன்படுத்தினால் பாட்டுத் தடங்கள், தமிழ்க் கோப்புப் பெயர்கள், எழுத்துருக்கள், கோப்புகளின் தேதிகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி போன்ற அச்சு நகரத்துக்கு இது வெறும் கணினிச் செய்தி அன்று, தொழிலைத் தொடும் செய்தி. தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, காலண்டர் ஆகியவற்றின் வடிவமைப்புகள் ஒரு காலகட்டத்தில் குறுந்தகடுகளில்தான் சேமிக்கப்பட்டன. அந்தத் தகடுகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவற்றைப் படிக்கும் கருவி புதிய கணினிகள் பலவற்றில் இல்லை. அவற்றில் உள்ளதை எப்படிப் பத்திரமாக வெளியே எடுப்பது, எந்த வடிவில் வைப்பது, அதற்கு எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்றுப் பின்னணியோடு விளக்குகிறது.

சிவகாசியும் லேபிளும்

விருதுநகர் மாவட்டம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அதற்குக் காமராஜர் மாவட்டம் என்று பெயர். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. உழவருக்குக் கை கொடுக்காத இந்த வறட்சி, தீக்குச்சியும் வெடியும் விரைவாக உலர்வதற்கு உதவியது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுவந்து ஊரில் தொடங்கினார்கள். பட்டாசுத் தொழில் அதைத் தொடர்ந்து வளர்ந்தது.

ஒவ்வொரு தீப்பெட்டிக்கும் ஒரு லேபிள் வேண்டும். ஒவ்வொரு வெடிப் பெட்டிக்கும் வண்ண உறை வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் லேபிளில் உள்ள படத்தைச் சொல்லியே கடையில் தீப்பெட்டி கேட்டார்கள். ஆகவே லேபிளில் உள்ள படமே அந்த நிறுவனத்தின் முகவரி போல ஆயிற்று. வெளியூரில் அச்சிட்டு வரவழைப்பதைவிட உள்ளூரிலேயே அச்சிடுவது லாபம் என்ற நிலையில் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. லேபிளுக்காக வந்த அச்சு இயந்திரங்கள் பின்னர் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை, சுவரொட்டி எனப் பலவற்றையும் அச்சிட்டன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் சிவகாசிக்குக் ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் வந்தது.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளின் சுவர்களில் தொங்கின. பலர் பூசையறையில் சட்டமிட்டு வைத்துக் கும்பிட்ட படங்கள் இவை. ஓர் அச்சகத்தின் பழைய வடிவமைப்புகளில் வணிகக் கணக்கோடு ஒரு வட்டாரத்தின் கலை வரலாறும் அடங்கியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

கல், பிலிம், கணினி

பழைய லித்தோ அச்சில் படம் சுண்ணாம்புக் கல்லின் மீது ஏற்றப்பட்டது. ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் உள்ள சோல்ன்ஹோஃபென் கற்கள் இதற்குப் பேர்பெற்றவை. ஒரு நிறத்துக்கு ஒரு கல் வீதம், பல நிறப் படத்துக்குப் பல கற்கள் தேவை. கல்லிலிருந்து நேரடியாகத் தாளில் அச்சிடும்போது படம் இடவலமாக மாறிவிடும் என்பதால் கல்லில் அதைத் திருப்பி அமைக்க வேண்டும். வேலை முடிந்ததும் கல்லைத் தேய்த்துச் சமப்படுத்தி அடுத்த படத்துக்குப் பயன்படுத்துவார்கள். தேய்த்தவுடன் முந்தைய படம் போய்விடும். அச்சான தாள்தான் மிஞ்சும்.

ஆஃப்செட் முறையில் கல்லின் இடத்தை மெல்லிய உலோகத் தகடு பிடித்தது. படம் முதலில் ரப்பர் போர்வைக்கும் அங்கிருந்து தாளுக்கும் போவதால் தகட்டில் அதைத் திருப்பி அமைக்கத் தேவையில்லை. வண்ணப் படத்தை நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறங்களாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு பிலிம் எடுக்கப்பட்டது. பிலிம் இருக்கும்வரை மறுபதிப்பு சாத்தியம். ஒரு நிறத்தின் பிலிம் மட்டும் காணாமல் போனாலும் மற்ற மூன்றால் பயனில்லை.

1985இல் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. 1989இல் கோரல் டிரா வந்தது. 1990களில் இந்திய அச்சகங்களில் டிடிபி பரவியதும் வடிவமைப்பு மேசையிலிருந்து கணினித் திரைக்கு மாறியது. அப்போது எழுந்த பெரிய சிக்கல் கோப்பின் அளவு. ஏ4 அளவுள்ள ஒரு நான்கு நிறப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அடர்த்தியில் வைத்தால், சுருக்காத நிலையில் அது ஏறத்தாழ 35 எம்பி இடம் பிடிக்கும். 1.44 எம்பி நெகிழ்வட்டில் கொண்டுபோவதானால் 24 வட்டுகள் வேண்டும். 20 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் உள்ள காலண்டர் படம் என்றால் 216 எம்பி ஆகும்.

650 எம்பி கொள்ளும் குறுந்தகடு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. மேற்சொன்ன காலண்டர் படங்கள் மூன்றை ஒரே தகட்டில் அடக்கிவிடலாம். எழுதக்கூடிய குறுந்தகடும் அதை எழுதும் கருவியும் 1990களின் பிற்பாதியில் விலை குறைந்தபோது, டிடிபி நிலையத்திலிருந்து அச்சகத்துக்கு வடிவமைப்பைக் கொண்டுசெல்லவும், அச்சான பின் சேமித்து வைக்கவும் குறுந்தகடே எங்கும் வழக்கமாயிற்று.

அதே காலத்தில் தமிழ் மென்பொருள்களும் குறுந்தகடு வழியாகவே பரவின. 2005 ஏப்ரலில் இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள் கருவிகளும் அடங்கிய இலவசக் குறுந்தகட்டைச் சென்னையில் வெளியிட்டது. சி–டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளம் 2007 முதல் படிமக் கோப்பாகவும் தகடாகவும் கிடைத்தது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் அது இடம்பெற்றதால் பள்ளி மாணவர்களும் அதை அறிந்தார்கள்.

தகட்டின் உள்ளமைப்பு

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் தகட்டின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் இசைக்காக உருவாக்கிய குறுந்தகடு 1982இல் விற்பனைக்கு வந்தது. ஒரு நொடி இசை 75 செக்டார்களில் பதியப்படுகிறது. 74 நிமிடத் தகட்டில் 3,33,000 செக்டார்கள் இருக்கும். ஒரு செக்டாரின் முழு அளவு 2352 பைட்.

இசையில் ஓரிரு பைட் பிழையானால் காதுக்குத் தெரியாது. ஒரு மென்பொருளிலோ கணக்கிலோ ஒரு பைட் பிழையானாலும் கோப்பு கெட்டுவிடலாம். எனவே தரவுத் தகடுகளில் 2352 பைட்டில் 2048 மட்டுமே பயனருக்குரியது. மீதமுள்ள 304 பைட், செக்டாரின் தொடக்கக் குறி, அதன் எண், பிழை கண்டறியும் குறியீடு, பிழை திருத்தும் குறியீடு ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்டது. இதனால் ஒரே தகட்டை இரண்டு விதமாகப் படிமம் எடுக்கலாம். 2048 பைட் வீதம் எடுத்தால் 74 நிமிடத் தகட்டுக்கு 68,19,84,000 பைட் ஆகும். 2352 பைட்டையும் அப்படியே எடுத்தால் 78,32,16,000 பைட் ஆகும். முன்னது ‘பக்குவப் படிமம்’, பின்னது ‘பச்சைப் படிமம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தரவு மட்டுமே உள்ள தகட்டுக்குப் பக்குவப் படிமமே போதும். விடுபட்ட 304 பைட்டைத் தகடெழுதும் கருவி மறுபடி கணக்கிட்டுச் சேர்த்துவிடும். இசைத் தகட்டில் 2352 பைட்டும் இசையே என்பதால் அங்கு எதையும் விட முடியாது. திருமண வீடியோக்கள் பதிவான விசிடி தகடுகளில் ஒரு செக்டாருக்கு 2324 பைட் படக்காட்சி இருக்கும். அதை 2048 பைட்டாகக் குறைத்தால் காட்சி சிதைந்துபோகும்.

படிம வடிவங்கள் பல தோன்றிய விதம்

தகட்டில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற பன்னாட்டுத் தரம் வகுக்கப்பட்டது. ‘ஐஎஸ்ஓ’ என்ற கோப்புப் பின்னொட்டு அதிலிருந்து வந்ததே. ஐஎஸ்ஓ கோப்பு பொதுவாகப் பக்குவப் படிமம். அதில் ஒரே ஒரு தரவுத் தடத்துக்குத்தான் இடம் உண்டு. எத்தனை தடங்கள், எது எங்கே தொடங்குகிறது என்ற விவரத்தை வைக்க அதில் வழியில்லை. இந்தக் குறையை நிரப்ப, தகடெழுதும் மென்பொருள் செய்த ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவத்தை ஏற்படுத்திக்கொண்டது.

பின்–கியூ: சிடிஆர்வின் என்ற மென்பொருளால் பரவியது. பின் கோப்பில் பச்சைத் தரவு இருக்கும். கியூ என்பது சாதாரண உரைக் கோப்பு. எந்தத் தடம் எந்த நிமிடம், எந்த நொடியில் தொடங்குகிறது என்று அதில் எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்தே படிக்கலாம்.

என்ஆர்ஜி: இந்தியாவில் பலரும் பயன்படுத்திய நீரோ பர்னிங் ராம் மென்பொருளின் வடிவம். தடங்களின் விவரம் கோப்பின் கடைசியில் இருக்கும். ஒற்றைத் தரவுத் தடம் கொண்ட என்ஆர்ஜி கோப்புகளின் தொடக்கத்தில் வழக்கமாக 3,07,200 பைட் அளவுள்ள வெற்றிடம் இருக்கும். 2048 பைட் கொண்ட 150 செக்டார்கள் என்பதே அந்தக் கணக்கு.

எம்டிஎஃப்–எம்டிஎஸ்: ஆல்கஹால் 120% என்ற மென்பொருளுடையது. முதல் கோப்பில் தரவும் இரண்டாவதில் தட விவரமும் இருக்கும்.

சிசிடி: குளோன் சிடி மென்பொருளுடையது. இம்க், சப் என்ற துணைக் கோப்புகளோடு மூன்றாக வரும்.

டிஎம்ஜி: ஆப்பிள் மேக் கணினிகளுக்குரியது. பெரும்பாலும் சுருக்கப்பட்டிருக்கும்.

இவற்றில் பின்–கியூ, எம்டிஎஃப்–எம்டிஎஸ், சிசிடி ஆகியவை ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் சேர்ந்தவை. பெரிய கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, சில கிலோபைட் அளவே உள்ள துணைக் கோப்பைத் தேவையற்றது என்று அழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதை அழித்தால் தடங்களின் விவரம் போய்விடும்.

தமிழ்ப் பெயர்களும் தேதிகளும்

ஐஎஸ்ஓ 9660 தரத்தின் முதல் நிலையில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும்தான் அனுமதி. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் கூடாது. தமிழுக்கு அங்கே இடமே இல்லை. 1995இல் மைக்ரோசாஃப்ட் ஜோலியட் என்ற விரிவாக்கத்தைக் கொண்டுவந்தது. அதில் யூனிகோடு எழுத்துகளில் 64 இடங்கள் வரை பெயர் வைக்கலாம். யூனிகோடு தமிழை ஏற்றுக்கொண்ட கணினிகள் வந்தபின் தமிழிலேயே கோப்புப் பெயர் வைப்பது சாத்தியமானது.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. ‘தீபாவளி’ என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி என்பதால் அது ஏழு இடங்களைப் பிடிக்கும். 64 இடங்கள் என்பது தமிழில் ஏறத்தாழ 35 எழுத்துகளாகச் சுருங்கிவிடும். நீளமான தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படுவதற்கு இதுவே காரணம்.

ஜோலியட் தகட்டில் கோப்புப் பட்டியல் இரண்டு இருக்கும். ஒன்று பழைய ஐஎஸ்ஓ முறைப்படி, மற்றொன்று யூனிகோடில். படிமத்தைப் பைட்டுக்குப் பைட் நகலெடுக்கும் மென்பொருள் இரண்டையும் காப்பாற்றும். கோப்புகளை வெளியே எடுத்து மறுபடி புதிய படிமமாகக் கட்டும் மென்பொருள் பழைய பட்டியலை மட்டும் படித்தால், தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் அடிக்கோடுகள் வரிசையாக நிற்கும். கோப்பு இருக்கும், எந்த லேபிள் எந்தக் கோப்பில் என்பது தெரியாது.

தேதியும் இப்படித்தான். ஐஎஸ்ஓ 9660 ஒவ்வொரு கோப்புக்கும் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றோடு கிரீன்விச் நேரத்திலிருந்து உள்ள வேறுபாட்டையும் 15 நிமிட அலகுகளில் குறித்து வைக்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் அந்த இடத்தில் 22 என்று பதிவாகும். மறுபடி கட்டும்போது சில மென்பொருள்கள் இன்றைய தேதியைப் போட்டுவிடும். 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஒரு குறியை முன்னரே பயன்படுத்திவருபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. லேபிள் யாருடையது என்ற வழக்கு வந்தால் பழைய விலைப்பட்டியலும் அச்சுக் கணக்கும் முதன்மைச் சான்றுகள். பழைய வடிவமைப்புக் கோப்பின் தேதி அவற்றுக்குத் துணை நிற்கக்கூடும். அதை நாமே அழித்துவிடக் கூடாது.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில், மாற்றம் தேவைதானா என்று பார்க்க வேண்டும். கோப்புகளைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் படிமத்தை மாற்றாமலே மெய்நிகர் தகடாக ஏற்றலாம். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ கோப்பைக் கூடுதல் மென்பொருள் இல்லாமலே திறக்க முடிகிறது. என்ஆர்ஜி, எம்டிஎஃப், சிசிடி, கியூ போன்றவற்றை ஏற்ற விண்டோஸில் வின்சிடிஎமு, லினக்ஸில் சிடிஎமு ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. நீண்டகாலம் சேமிப்பதே நோக்கம் என்றால் மாற்றுவது நல்லது. தனி நிறுவன வடிவத்தைவிட, பொதுத் தரத்தைச் சார்ந்த ஐஎஸ்ஓ நெடுங்காலம் திறக்கும்.

இரண்டாவது, படிமத்தின் உள்ளே இருப்பது என்ன என்று அறிய வேண்டும். பின்னொட்டை நம்பக் கூடாது. பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். கோப்பின் அளவைப் பைட்டில் பார்த்து 2048ஆல் வகுத்தால் மீதி வராவிட்டால் பக்குவப் படிமமாக இருக்கலாம். 2352ஆல் மீதியின்றி வகுபட்டால் பச்சைப் படிமமாக இருக்கலாம். ஐஎஸ்ஓ 9660 பக்குவப் படிமத்தில் முதல் 32,769 பைட்டைத் தாண்டியதும் ‘சிடி001’ என்ற ஐந்து குறிகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஹெக்ஸ் எடிட்டர் மூலம் இதைப் பார்த்தால் ஐயம் தீரும்.

மூன்றாவது, உள்ளடக்கத்துக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தரவு மட்டும் உள்ள பின்–கியூ கோப்புக்கு ‘பிசங்க்’ என்ற சிறிய கட்டற்ற நிரல் போதும். இசைத் தடங்களும் கலந்திருந்தால் அது தரவை ஐஎஸ்ஓவாகவும் இசையைத் தனித்தனிக் கோப்புகளாகவும் பிரித்துத் தரும்.

ஒற்றைத் தடமுள்ள என்ஆர்ஜி கோப்புக்கு ‘என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ’ உள்ளது. முன்னால் உள்ள வெற்றிடத்தை நீக்குவதே அதன் வேலை. இந்த வெற்றிடத்தை நீக்காமல் பின்னொட்டை மட்டும் ஐஎஸ்ஓ என்று மாற்றினால் படிமம் திறக்காது.

எம்டிஎஃப், சிசிடி ஆகியவற்றுக்கு முறையே ‘எம்டிஎஃப்2ஐஎஸ்ஓ’, ‘சிசிடி2ஐஎஸ்ஓ’ ஆகியவை உண்டு. டிவிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப் கோப்பு பெரும்பாலும் 2048 பைட் முறையிலேயே இருக்கும். அந்நிலையில் ஒரு நகல் எடுத்து அதன் பெயரை மாற்றிப் பார்த்தாலே திறந்துவிடக்கூடும்.

டிஎம்ஜி கோப்பை மேக் கணினியில் உள்ள ‘ஹெச்டிஐ யூடில்’ கட்டளையால் மாற்றலாம். லினக்ஸில் ‘டிஎம்ஜி2இம்க்’ பயன்படும். வடிவம் மாறினாலும் உள்ளே இருக்கும் கோப்பு முறை ஆப்பிளுடையதாகவே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

இசைத் தகடு, விசிடி, பல தடங்கள் கலந்த தகடு ஆகியவற்றை ஐஎஸ்ஓவாக மாற்றவே கூடாது. பின்–கியூ வடிவில் வைப்பதே பாதுகாப்பு.

எல்லா வடிவங்களையும் ஒரே திரையில் கையாள விரும்புவோர் அல்ட்ரா ஐஎஸ்ஓ, பவர் ஐஎஸ்ஓ, எனி டு ஐஎஸ்ஓ போன்ற வணிக மென்பொருள்களை நாடுகிறார்கள். இவை எளிமையானவை. முதல் இரண்டின் சோதனைப் பதிப்புகளில் 300 எம்பிக்கு மேற்பட்ட படிமத்தைச் சேமிக்க முடியாது. நிறைந்த குறுந்தகடு 650 எம்பி என்பதால் சோதனைப் பதிப்பு உதவாது. இலவசம் என்று கண்ட தளத்திலிருந்து பதிவிறக்கினால் விளம்பர மென்பொருளோ நச்சு நிரலோ கூடவே வரலாம். கட்டற்ற சிறு நிரல்களைச் செய்தவரின் தளத்திலிருந்தோ லினக்ஸ் களஞ்சியத்திலிருந்தோ பெறுவதே நல்லது. படிமத்தை இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்களுக்கு வாடிக்கையாளரின் லேபிள் வடிவமைப்பை அனுப்புவது தொழில் நேர்மைக்கு ஏற்றதன்று.

நான்காவது, மாற்றியதைச் சரிபார்க்க வேண்டும். வடிவம் மாறும்போது படிமக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையும் மாறிவிடும் என்பதால் இரு படிமங்களின் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. இரண்டையும் ஏற்றி, உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஷா–256 தொகை எடுத்து ஒப்பிட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சரியாக உள்ளனவா, தேதிகள் மாறவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் முடியும்வரை பழைய படிமத்தை அழிக்கக் கூடாது.

மேக் தகடுகள்: ஒரு தனி எச்சரிக்கை

அச்சுத் துறையில் மேக் கணினிக்கு நெடுநாள் செல்வாக்கு உண்டு. பழைய மேக் கோப்புகளில் தரவுப் பிரிவு, வளப் பிரிவு என இரண்டு பிரிவுகள் இருக்கும். அக்காலத்துப் போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்களின் முழு வடிவமும் வளப் பிரிவில்தான் இருந்தது. அத்தகைய கோப்பை விண்டோஸ் கணினியில் வெறுமனே நகலெடுத்தால் வளப் பிரிவு விடுபட்டு, சுழி பைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு மிஞ்சும். மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்கும் கலப்புத் தகடுகளை மறுபடி கட்டும்போது மேக் பகுதி முழுவதுமே போய்விடலாம். இவற்றைப் பைட்டுக்குப் பைட் படிமம் எடுப்பது ஒன்றே வழி.

படிமம் திறந்த பின்

படிமத்தை மாற்றியதோடு வேலை முடிந்துவிடாது. உள்ளே பேஜ்மேக்கர் கோப்பு இருந்தால் அதைத் திறக்கும் மென்பொருள் வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். தமிழ் எழுத்துகளோ யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றத்தில் இருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசு அறிவித்தது. இணையத்தில் டிஸ்கி வழங்கியது. இவற்றோடு ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ் உரை பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். எழுத்துரு எது என்று தெரிந்துவிட்டால் குறியேற்ற மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். ஆகவே வடிவமைப்புக் கோப்போடு எழுத்துருக் கோப்பும் அதே படிமத்தில் இருப்பது முக்கியம்.

இது பழங்கதை அன்று. பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அளித்த தீர்ப்பு, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. பேரியம் உப்புகளுக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு, பசுமைப் பட்டாசுப் பெட்டிகளுக்கென நீரி ஆய்வு நிறுவனத்தின் தனிச் சின்னமும் கியூஆர் குறியீடும் அறிமுகமாயின. பெட்டியின் வடிவமைப்பில் இவற்றைச் சேர்க்க வேண்டுமானால் மூலக் கோப்பு திறக்க வேண்டும். அது திறக்காத இடத்தில் அச்சான பெட்டியை ஸ்கேன் செய்து புதிதாக வரைவதைத் தவிர வேறு வழியில்லை. கல்லைத் தேய்த்த காலத்தில் நேர்ந்ததே இங்கும் நேர்கிறது.

சட்ட வரம்பு

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் நகலை முறையாக வைத்திருப்பவர், இழப்பிலிருந்து காத்துக்கொள்ளப் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சொந்த வடிவமைப்புகளுக்கும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கும் படிமம் எடுப்பது வேறு, பூட்டப்பட்ட திரைப்படத் தகட்டை உடைத்துப் பரப்புவது வேறு.

செய்ய வேண்டியவை

எழுதக்கூடிய குறுந்தகட்டில் தரவு ஒரு மெல்லிய சாயப் படலத்தில் பதிகிறது. வெப்பமும் வெயிலும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் துணைநின்ற கரிசல் நிலத்து வெயில் குறுந்தகட்டுக்குப் பகை. எனவே தகடுகளை முதலில் படிமம் எடுப்பதே அவசரப் பணி. வடிவ மாற்றத்தைப் பிறகு நிதானமாகச் செய்யலாம். சேதமடைந்த தகட்டுக்கு ‘ஜிஎன்யூ டிடி ரெஸ்க்யூ’ என்ற கட்டற்ற நிரல் உதவும். அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாதவற்றை மறுபடி மறுபடி முயலும். எந்தெந்தப் பகுதி கிடைக்கவில்லை என்ற குறிப்பையும் வைத்துக்கொள்ளும். ஒரே தகட்டை வேறொரு கருவியில் இட்டு விடுபட்ட பகுதிகளை மட்டும் தொடரவும் முடியும்.

எடுத்த படிமத்தின் பெயரில் ஆண்டு, வாடிக்கையாளர், லேபிளின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, எந்தத் தகட்டிலிருந்து, எந்தக் கருவியால், என்றைக்கு எடுக்கப்பட்டது என்ற சிறு உரைக் கோப்பையும் உடன் வைக்க வேண்டும். இரண்டு வன்தட்டுகளில் இரண்டு படிகள் வைத்து, அவற்றில் ஒன்றை வேறு கட்டடத்தில் வைப்பது நல்லது. தீவிபத்து அச்சம் என்றும் உள்ள வட்டாரத்தில் இந்த முன்னெச்சரிக்கையின் தேவையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.